கணக்கில் வராத கடற்கரை

கடலைக் கண்ணால் காணாத தமிழ் மாணவர்கள் இருக்கலாம். நெய்தல் என்ற சொல்லைப் படிக்காத மாணவர் இருக்க முடியாது. நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று கூறியதோடு நின்றுவிடவில்லை. அந்நிலத்து மக்கள், அவர்களுடைய தொழில், உணவு, மரம், பறவை ஆகிய அனைத்தையும் கருப்பொருள் என்ற பெயரால் அந்நிலத்தோடு சேர்த்தே வைத்தனர். நிலம் வேறு, அதனால் வாழ்பவர் வேறு என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

கடற்கரையில் ஒரு துறைமுகமோ, அனல் மின் நிலையமோ, இறால் பண்ணையோ அமைக்க வேண்டுமானால், அதனால் சுற்றுப்புறத்துக்கு என்ன நேரும் என்று முன்கூட்டியே ஆராய வேண்டும் என்பது இன்று சட்டம். அந்த ஆராய்ச்சிக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று பெயர். அமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டின் முதல் நாளில் கையெழுத்தான ஒரு சட்டம் இதற்கு வழிகாட்டியது. நம் நாட்டில் 1994-இல் வந்த அறிவிக்கை இதனைக் கட்டாயமாக்கியது. 2006-இல் அதன் இடத்தில் வேறோர் அறிவிக்கை வந்தது. இந்த மதிப்பீட்டில் எவையெல்லாம் எழுதப்படுகின்றன, எது எழுதப்படாமல் நழுவிப் போகிறது என்பதே நம் கேள்வி. சட்டத்தின் சொற்களைக் கொண்டு இதனை விளக்குவதைவிட, எனக்குப் பழக்கமான ஒரு கரையைக் கொண்டு விளக்குவது எளிது.

புதுச்சேரிக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பம். பள்ளியில் என்னோடு படித்த தோழன் ஒருவனின் ஊர் அது. விடுமுறை நாட்களில் அவனோடு நான் அங்கே சென்றுவிடுவேன். வீடுகளுக்கும் அலைகளுக்கும் இடையே அகன்ற மணற்பரப்பு இருந்தது. நண்பகலில் அதனைக் கடப்பதற்குள் கால் வெந்துபோகும். அம்மணலில்தான் கட்டுமரங்களை ஏற்றி வைப்பார்கள். வலையை விரித்துச் செப்பனிடுவார்கள். இரு வரிசையாக நின்று கரைவலை இழுப்பார்கள். என் தோழனின் தாயார் அம்மணலிலேயே மீனைப் பரப்பிக் கருவாடாக்குவார். மணல்மேட்டில் அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருந்தன. மேட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் அந்தக் கிணற்று நீர் இனிக்கும். அது எப்படி என்று நான் அப்போது எண்ணிப் பார்த்ததில்லை.

இன்று அந்தக் கரையில் மணல் இல்லை. கருங்கற்பாறைகள் குவிந்து கிடக்கின்றன. பாறைகளுக்குப் பின்னால் எஞ்சிய வீடுகள் இருக்கின்றன.

மணல் எங்கே போயிற்று? இதனை அறிய, கரையோரத்தில் மணல் நடக்கும் நடையை அறிய வேண்டும். அலை எப்போதும் கரைக்கு நேராக வருவதில்லை. பெரும்பாலும் சற்றே சாய்ந்து வருகிறது. சாய்ந்து வரும் அலை மணற்குருணையைச் சாய்வாக மேலே ஏற்றுகிறது. திரும்பும் நீரோ சரிவின் வழியே நேராக இறங்குகிறது. ஆகவே ஒவ்வோர் அலையிலும் குருணை ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்துவிடுகிறது. கோடிக்கணக்கான குருணைகள் இரவும் பகலும் இவ்வாறு நடந்தால், கரையை ஒட்டி ஒரு மணல் ஆறே ஓடுகிறது என்று சொல்லலாம். நம் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்த ஆறு வடக்கு நோக்கி ஓடும். வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் தெற்கு நோக்கித் திரும்பும். வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. கழித்துப் பார்த்தால் ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது.

இந்த ஆற்றுக்குக் குறுக்கே கடலுக்குள் நீளும் கல்லணை ஒன்றைக் கட்டினால் என்ன ஆகும்? தெற்குப் பக்கத்தில் மணல் தேங்கும். வடக்குப் பக்கத்தில், போகும் மணல் போய்க்கொண்டே இருக்கும். வர வேண்டிய மணல் வராது. கரை தேயும்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் 1870-களில் தொடங்கியது. அதன் தெற்கே மணல் சேர்ந்து கொண்டே வந்தது. வடக்கே இராயபுரம் முதலாகக் கரை அரிக்கப்பட்டுக் கொண்டே போயிற்று. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880-களில் உலாவுசாலை அமைத்து மெரினா என்று பெயரிட்ட கடற்கரையின் அகலத்தில் பெரும்பகுதி, துறைமுகம் தடுத்து நிறுத்திய மணலே. மாலையில் அங்கே சுண்டல் தின்றுகொண்டு காற்று வாங்கும் நாம், வடசென்னை இழந்த மணலின்மீது அமர்ந்திருக்கிறோம் என்பதை எண்ணுவதில்லை!

இத்துணைப் பழைய பாடம் அருகிலேயே கண்முன் இருந்தது. எனினும் 1980-களில் புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. அதனைத் திட்டமிட்ட பொறியாளர்கள் மணலின் நடையை அறியாதவர்கள் அல்லர். தெற்கே தேங்கும் மணலை எந்திரத்தால் எடுத்து வடக்கே சேர்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. அது தொடர்ந்து நடைபெறவில்லை. நகரத்தின் கடற்கரைச் சாலையைக் காக்கப் பாறைகள் போடப்பட்டன. பாறை போட்ட இடத்தில் சாலை பிழைத்தது. அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. அங்கும் பாறை போட்டார்கள். அதற்கு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. இவ்வாறு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கரைக்கும் அது வந்து சேர்ந்தது. மணலுக்கு மாநில எல்லை ஏது?

இனி அந்தக் கிணற்றுக்கு வருவோம். உப்பு நீரைவிட நன்னீர் இலேசானது. மணலில் இறங்கும் மழைநீர், அடியில் உள்ள கடல்நீரின்மேல் மிதக்கிறது. பனிக்கட்டி கடலில் மிதக்கும்போது அதன் சிறுபகுதி மேலேயும் பெரும்பகுதி கீழேயும் இருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கும் அப்படித்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை அது உப்பு நீரைத் தள்ளி வைத்திருக்கும். கைபென் என்ற டச்சுக்காரரும் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் 19-ஆம் நூற்றாண்டின் முடிவையொட்டித் தனித்தனியே கண்டு கூறிய விதி இது. இதன் மறுபக்கத்தை நோக்குங்கள். மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழே 40 மீட்டர் போய்விடும். மணல்மேடு கரைந்து, கடல் உள்ளே நெருங்கி வந்தால், மழைநீர் தங்க இடமில்லை, கிணறு உப்பாகிவிடும். என் தோழனின் ஊர்க் கிணறு அப்படித்தான் ஆயிற்று.

இப்போது எண்ணிப் பாருங்கள். அந்த மணற்பரப்பு என்னென்ன பணிகளைச் செய்து வந்தது! புயல் அலையைத் தன்மேல் வாங்கி வீடுகளைக் காத்தது. குடிநீரைச் சேமித்து வைத்தது. படகுத்துறையாகவும், வலைக்கூடமாகவும், கருவாட்டுக் களமாகவும் இருந்தது. ஆமை முட்டையிடவும் பிள்ளைகள் விளையாடவும் இடம் கொடுத்தது. இவற்றுக்கு அது கூலி கேட்கவில்லை. கூலி கேட்காத காரணத்தாலேயே எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அதன் பெயர் ஏறவில்லை.

இயற்கை இவ்வாறு மனிதனுக்குச் செய்யும் வேலைகளை அறிவியலார் சூழல்மண்டலப் பணிகள் என்று அழைக்கின்றனர். 1997-இல் கான்ஸ்டன்சா என்பவரும் அவருடைய துணைவர்களும் உலகம் முழுவதற்கும் இப்பணிகளை மதிப்பிட்டு, ஆண்டுக்குச் சராசரியாக 33 இலட்சம் கோடி டாலர் என்று ஒரு தொகையை வெளியிட்டனர். அப்போது உலக நாடுகள் அனைத்தின் மொத்த உற்பத்தி 18 இலட்சம் கோடி டாலர் என்று அவர்கள் கொண்ட கணக்கு. இத்தொகையைப் பலர் குறை கூறினர். மூச்சுக்காற்றுக்கு விலை கூறுவது போன்ற வேலை இது என்று எனக்கும் தோன்றுவதுண்டு. எனினும் ஒரு நன்மை விளைந்தது. அதுவரை திரும்பிப் பாராத நிதித்துறையினர் திரும்பிப் பார்த்தனர். பின்னர் 2005-இல், உலகெங்கிலுமிருந்து 1,300-க்கு மேற்பட்ட அறிஞர்கள் சேர்ந்து உருவாக்கிய புத்தாயிரம் ஆண்டுச் சூழல்மண்டல மதிப்பீடு என்ற அறிக்கை வெளிவந்தது. மீன், நீர் போலப் பொருளாகக் கிடைப்பவை. அலையைத் தணிப்பது போல ஒழுங்குபடுத்துபவை. மனத்துக்கும் பண்பாட்டுக்கும் உரியவை. இவை அனைத்துக்கும் அடிப்படையாக நிற்பவை என்று அது இப்பணிகளை நால்வகையாகப் பகுத்தது.

மணலைப் போலவே கரையைக் காப்பது அலையாத்திக் காடு. அலையை ஆற்றுவது என்ற பொருள் அதன் பெயரிலேயே இருக்கிறது. பெயரிட்டவர்கள் அதன் பணியைக் கண்டே பெயரிட்டிருக்கிறார்கள். 1999 அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாக் கரையைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர். கேந்திரபாடா மாவட்டத்தில் 400-க்கு மேற்பட்ட கிராமங்களின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தவர்கள், கடலுக்கும் ஊருக்கும் இடையே அலையாத்திக் காடு அகன்றிருந்த ஊர்களில் உயிர்ச்சேதம் குறைவு என்று 2009-இல் எழுதினர். அதே புயலைப் பற்றி பிதர்கனிகாப் பகுதியில் நடந்த மற்றோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. மூன்று ஊர்களை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு எவ்வளவு இழப்பு என்று அதில் கணக்கிட்டார்கள். காடு காத்த ஊரில் இழப்பு ஏறத்தாழ 33 டாலர். காடும் இல்லாமல், கட்டிய கரையும் இல்லாமல் இருந்த ஊரில் 44 டாலர். காடு இல்லாமல், மனிதர் கட்டிய மண்கரை மட்டும் இருந்த ஊரில் 154 டாலர்! கரை உடைந்து உள்ளே புகுந்த உப்பு நீர் வடிந்து போக வழியின்றி வயலில் தேங்கி நின்றதே இதற்குக் காரணம். காட்டை அழித்துவிட்டுச் சுவர் கட்டித் தருகிறோம் என்று எவரேனும் கூறும்போது இந்த மூன்று எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு கரையையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்றே சொல்கிறேன்.

வழக்கமான தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை நீங்கள் புரட்டிப் பார்த்தால், காற்றின் தூய்மை, நீரின் தூய்மை, ஒலியின் அளவு, அங்குள்ள செடிகொடிகளின் பட்டியல், பறவைகளின் பட்டியல் ஆகியவை இருக்கும். திட்ட இடத்தைச் சுற்றிப் பெரும்பாலும் பத்துக் கிலோமீட்டர் வட்டம் ஒன்று வரைந்திருப்பார்கள். இவை வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால் அடும்பங்கொடி இருக்கிறது என்று பட்டியலில் எழுதுவது வேறு. அந்தக் கொடி மணல்மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, மேடு நன்னீரைப் பிடித்து வைத்திருக்கிறது, அந்நீரை இத்தனை குடும்பங்கள் குடிக்கின்றன என்று தொடர்ந்து எழுதுவது வேறு. முதலாவதைப் படிக்கும் அதிகாரிக்குக் கொடி போனால் போகட்டும், வேறிடத்தில் நட்டுக்கொள்ளலாம் என்று தோன்றும். இரண்டாவதைப் படித்தவருக்கு அவ்வாறு தோன்றாது.

பத்துக் கிலோமீட்டர் வட்டம் மணல் ஆற்றுக்கும் பொருந்தாது. அதன் பாதிப்பு கரையை ஒட்டி நீண்டுகொண்டே போகும், ஆண்டுக்கணக்கில் போகும். ஆகவே வட்டத்தைத் திட்டத்தைச் சுற்றி வரைவதற்குப் பதிலாக, பணியின் போக்கைப் பின்தொடர்ந்து எல்லை வகுக்க வேண்டும். மணல் எங்கே செல்கிறதோ அங்கே ஆய்வாளரும் செல்ல வேண்டும். உப்பங்கழியில் வளரும் மீன்குஞ்சு எந்த ஊர் வலையில் மீனாகச் சிக்குகிறதோ, அந்த ஊர் வரை கணக்கு நீள வேண்டும்.

செலவுக் கணக்கிலும் ஒரு மாற்றம் வேண்டும். கடல் இலவசமாகச் செய்துவந்த மணல் சுமக்கும் வேலையைத் துறைமுகம் தடுத்துவிட்டால், அந்த வேலையை எந்திரம் செய்ய வேண்டும். அதற்கு எரிபொருளும், ஆளும், பழுது பார்க்கும் செலவும் ஆண்டுதோறும் தேவை. துறைமுகம் இருக்கும் வரை தேவை. இதனைத் தொடக்கத்திலேயே துறைமுகத்தின் செலவாக எழுதி, அதற்கான நிதியையும் ஒதுக்கி வைத்த பிறகு இலாபம் பார்த்தால்தான் அது உண்மையான இலாபம். எழுதாமல் விட்டால் செலவு மறைந்துவிடுவதில்லை. அது குப்பத்து மக்களின் தலையில் வந்து விழுகிறது.

நம் நாட்டில் இந்தத் துலாக்கோலை முதன்முறையாகக் கையில் எடுத்தவர்களுள் ஒரு காந்தியத் தொண்டர் இருந்தார் என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் தஞ்சைக் கடலோரத்திலும் நாகைக் கடலோரத்திலும் இறால் பண்ணைகள் பெருகின. வயல்களிலும் குடிநீரிலும் உப்பு ஏறியது. மீனவர் கடலுக்குச் செல்லும் வழிகள் அடைபட்டன. கிராம சுயராஜ்ய இயக்கத்தின் சார்பில் எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். நீதிமன்றத்தின் ஆணைப்படி நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் கரையோரங்களை நேரில் ஆராய்ந்தது. இறால் விற்று வரும் வருமானத்தை ஒரு தட்டிலும், இழந்த விளைச்சல், குடிநீர், பிழைப்பு ஆகியவற்றை மற்றொரு தட்டிலும் வைத்து நிறுத்து, இழப்பே மிகுதி என்று கூறியது. 1996 டிசம்பர் 11-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, வணிக இறால் பண்ணைக்கு அனுமதி தரும் முன் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்றது. அம்மதிப்பீடு, வட்டாரத்தின் பல்வேறு மக்களுக்கு நேரும் பாதிப்பையும், வருங்காலத் தலைமுறையின் உரிமையையும் உட்கொள்ள வேண்டும் என்றும் கூறியது. பின்னர் 2005-இல் வந்த தனிச் சட்டம் இறால் வளர்ப்புக்கு வேறு வழி வகுத்துவிட்டது என்பதையும் மறைக்காமல் கூற வேண்டும். ஆயினும் அந்தத் தீர்ப்பு இன்றும் படிக்கத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் என் கல்லூரி மாணவர்கள் சிலரை அந்தக் குப்பத்துக்கு அழைத்துச் சென்றேன். தோழனின் தாயார் முதுமையில் தளர்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "வா தம்பி" என்று திண்ணையில் அமரச் சொன்னார். இழப்பீடு கிடைத்ததா என்று மாணவர் ஒருவர் கேட்டார். "வீடு இடிஞ்சவங்களுக்குக் குடுத்தாங்க, கண்ணு. வீட்டை அளந்தாங்க. கருவாடு காயப்போட்ட எடத்தை யாரும் அளக்கலையே! அதுக்குப் பட்டா ஏது?" என்றார் அவர். முப்பது ஆண்டுகள் தம் குடும்பத்தைக் காத்த தொழில், மணல் போனதோடு போய்விட்டது என்று சொன்னார். இப்போது அவருடைய மருமகள் துறைமுகம் வரை சென்று மீன் வாங்கி வந்து விற்கிறார். போக்குவரத்துக் கூலிக்கே பாதி போய்விடுகிறதாம்.

பட்டா இல்லாத இடத்தை எழுதுவதற்கும் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, மதிப்பீட்டுச் சுருக்கத்தை மாநில மொழியிலும் வெளியிட வேண்டும். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அங்கே கூறப்படுவதைப் பதிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "இந்த மணலில் நாங்கள் இத்தனை குடும்பங்கள் மீன் காயவைக்கிறோம்" என்று சொன்னால் அது ஆவணமாகிறது. அருகே கையில் வரைபடத்தோடு ஒரு மாணவர் நின்று, களத்தின் நீளத்தையும் அகலத்தையும் சேர்த்துச் சொன்னால், அந்த ஆவணத்துக்கு வலிமை கூடுகிறது.

புதுச்சேரி நகரத்துக் கரையில், தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2018-இல் எஃகாலான ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றைக் கடலுக்குள் அமைத்த பிறகு, தலைமைச் செயலகத்துக்கு எதிரே மீண்டும் மணல் சேர்ந்தது. கடற்கரையைக் கண்டறியாமல் வளர்ந்த ஒரு தலைமுறை அதில் இறங்கி நடந்தது. என் மாணவர்களும் போய் நடந்துவிட்டு வந்தார்கள். வடக்கே உள்ள அந்தக் குப்பத்தில் இன்னும் பாறைகளே இருக்கின்றன. அவர்கள் அங்கே வீடு வீடாகச் சென்று எழுதிய குறிப்பேடு எங்கள் துறையில் இருக்கிறது. கருவாட்டுக் களம், படகுத்துறை, கிணறு, கோயில் திருவிழாத் திடல் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் பயன்படுத்தினார்கள், இப்போது அதற்கு என்ன செய்கிறார்கள், எவ்வளவு செலவாகிறது என்று எழுதியிருக்கிறார்கள். திருவிழாத் திடலுக்கு எதிரே என்ன தொகை எழுதுவது என்று என்னைக் கேட்டார்கள். தொகை வேண்டாம், அங்கே நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றேன். ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருக்கிறார்கள். வரும் தை மாதத்தில் புதிய மாணவர்கள் செல்ல இருக்கிறார்கள். கிணற்று நீரின் உப்பை அளக்கும் கருவியையும் இம்முறை எடுத்துச் செல்லப் போவதாகக் கூறினார்கள்.